எல்.சி.டி.யில் "வெல்கம்" மட்டும்தானா?

உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே, மலையைப் பார்த்துப் போனால் அமராவதி நகர். அணை, அணையை ஒட்டிய முதலைப் பண்ணை, 1962-இல் தொடங்கிய சைனிக் பள்ளி, இவைதான் ஊரின் அடையாளங்கள். திருப்பூர் மாவட்டம் என்றதும் பனியன் கம்பெனி மட்டுமே ஞாபகத்துக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

இந்த வட்டாரத்தில் பள்ளியிலோ கல்லூரியிலோ அறிவியல் கண்காட்சி வைத்தால் ஏதாவது ஒரு மேஜையில் 'வாட்டர் லெவல் இண்டிகேட்டர்' இருந்தே தீரும். பக்கத்தில் அணையை வைத்துக்கொண்டு வேறு என்னத்தைச் செய்வார்கள்? ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் தொங்கும் வயர்கள், ஒரு சின்ன போர்டு, அதன் தலையில் பச்சையாகவோ நீலமாகவோ ஒளிரும் ஒரு எல்.சி.டி. சுவிட்சைப் போட்டதும் அதில் ஆங்கிலத்தில் "வெல்கம்" என்று வரும். இரண்டு விநாடி கழித்து "வாட்டர் லெவல்" என்று வரும், அதுவும் ஆங்கிலத்தில். விளக்கம் சொல்லும் பையன் தமிழில் சொல்வான், பார்க்க வந்த அப்பா அம்மா தமிழில் கேட்பார்கள். வாளிக்கு மேலே இருக்கும் பெட்டி மட்டும் ஆங்கிலம் பேசும்.

நிஜ அணையின் நீர்மட்டத்தைத் தினமும் கவனிக்கிறவர்கள் யார்? அமராவதிப் பாசன விவசாயிகள். மடத்துக்குளம், தாராபுரம், கரூர் வரை ஆற்றங்கரையில் இருக்கிறவர்கள். 90 அடி உயர அணை நிரம்பும் நிலைக்கு வந்தால் கரையோரத்துக்கு எச்சரிக்கை போகும். அந்தச் செய்தி பேப்பரில் எப்படி வருகிறது? "நீர்மட்டம் 85 அடி" என்று வருகிறது. நல்ல தமிழ், சின்ன வாக்கியம், ஒரு எண். எல்.சி.டி.யில் காட்டுவதற்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் எந்த மாணவனும் அதைக் காட்டுவதில்லை.

"சார், இதுல தமிழ் வருங்களா?" என்று எப்போதாவது ஒரு மாணவன் கேட்பான். "அதெல்லாம் வராது கண்ணு. நாமளா போட்டா எட்டு எழுத்துதான் போட முடியும். இங்கிலீஷ்லயே போட்டுரு" என்று பதில் வரும். இந்தப் பதிலில் பாதி உண்மை. மீதிப் பாதி, யாரும் முயற்சி செய்து பார்க்காததால் உண்மை போல ஆகிவிட்ட ஒன்று.

முதலில் அந்தச் சாமானைப் பார்ப்போம். 'சிக்ஸ்டீன் பை டூ' என்று கடையில் கேட்டாலே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வரிக்கு 16 எழுத்து, மொத்தம் இரண்டு வரி. சென்னை ரிச்சி தெருவில் குவியலாகக் கிடக்கும். இன்றைக்கு நூற்றுச் சொச்சம் ரூபாய். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கே 5 புள்ளி, நெடுக்கே 8 புள்ளி. பின்பக்கம் திருப்பினால் கருப்பாக இரண்டு பொட்டு வைத்திருக்கும், அதற்கடியில்தான் சில்லு ஒளிந்திருக்கிறது. இதன் மூதாதை ஜப்பானின் ஹிட்டாச்சி கம்பெனி 1980களில் கொண்டுவந்த எச்.டி.44780 என்ற சில்லு. இப்போது வருவதெல்லாம் பெரும்பாலும் அதற்கு ஒத்துப்போகும் வேறு கம்பெனிச் சரக்கு. ஆனால் பேசும் மொழி ஒன்றுதான். நாற்பது வருடத்துக்கு முந்தைய கட்டளைகளை இன்றைக்கும் அப்படியே கேட்டு நடக்கிறது. கணினி உலகத்தில் இவ்வளவு காலம் மாறாமல் இருந்த சாமான்கள் ரொம்பக் குறைவு.

அந்தச் சில்லுக்குள் எழுத்து வடிவங்கள் நிரந்தரமாகப் பொறித்து வைக்கப்பட்டிருக்கின்றன. 5க்கு 8 அளவில் 208 வடிவம், 5க்கு 10 அளவில் 32 வடிவம். ஆங்கில எழுத்தும் எண்ணும் போக, கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் வகையில் மீதி இடத்தில் உட்கார்ந்திருப்பது ஜப்பானிய கட்டகானா. வயர் ஒன்று லூசாகிவிட்டால் திரையில் குச்சி குச்சியாகப் புரியாத எழுத்துகள் வருமே, அவை குப்பையல்ல. ஜப்பான்காரர்கள் படிக்கக்கூடிய நிஜமான எழுத்துகள்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தச் சில்லுக்கு யென் குறி தெரியும். விசைப்பலகையில் பின்சாய்வுக் கோடு இருக்கிறதே, அதற்குரிய எண்ணை அனுப்பினால் கோடு வராது, யென் வரும். ரூபாய்க் குறி தெரியாது. தெரிந்திருக்கவும் முடியாது, ஏனென்றால் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வரைந்த அந்தக் குறியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டதே 2010 ஜூலையில்தான். ஆகவே திருப்பூரில் ஒரு மாணவன் செய்யும் 'பில்லிங் மெஷின்' புராஜெக்டில் யென் சுலபமாக வரும், ரூபாய்க்கு ஆங்கிலத்தில் 'ஆர் எஸ்' என்று இரண்டு எழுத்து போட வேண்டும். யாருடைய கடைக்காகச் செய்த சாமான் என்பது இந்த ஒரு விஷயத்திலேயே தெரிந்துவிடும்.

ஜப்பான்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் சந்தைக்கு அவர்கள் செய்தார்கள். அவர்களுக்கும் அது ஒன்றும் சொகுசாக வந்துவிடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆயிரக்கணக்கான காஞ்சி எழுத்துகளை 5க்கு 8 புள்ளியில் அடைக்கவே முடியாது. அதனால் அவற்றைக் கைவிட்டு, வெறும் கட்டகானாவில் எழுதினால் போதும் என்று சமாதானம் ஆனார்கள். அதிலும் 'க' ஒலியை அழுத்தி ஒலிக்கும்படி மாற்றுவதற்கு எழுத்தின் தோளில் இரண்டு சின்னக் கோடு போடுவார்கள். அந்தக் கோட்டுக்கும் கட்டத்துக்குள் இடமில்லை. எனவே கோட்டை மட்டும் தனியாக அடுத்த கட்டத்தில் வைத்தார்கள். பார்க்க அழகில்லை, ஆனால் படித்தார்கள். 1969-இல் வந்த அவர்களுடைய தரநிலையே இந்த ஏற்பாட்டோடுதான் இருந்தது. மொழியைச் சாமானுக்காகக் கொஞ்சம் மடக்கினார்கள், சாமானையும் மொழிக்காகக் கொஞ்சம் மடக்கினார்கள். தமிழில் இந்த இரண்டாவது வேலையைத்தான் யாரும் தொடவில்லை.

சரி, அந்த எட்டு எழுத்துக் கணக்குக்கு வருவோம்.

சில்லுக்குள் நிரந்தர வடிவங்களைத் தவிர 64 பைட் நினைவகம் ஒன்று காலியாக விடப்பட்டிருக்கிறது. சி.ஜி.ரேம் என்று பெயர். ஒரு எழுத்துக்கு 8 பைட், ஆக எட்டு எழுத்து. வரைவது சிறுபிள்ளை விளையாட்டு மாதிரிதான். ஒவ்வொரு வரியிலும் இருக்கும் ஐந்து புள்ளிகளுக்கு இடமிருந்து வலமாக 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. எரிய வேண்டிய புள்ளிகளின் மதிப்பைக் கூட்டினால் அந்த வரியின் எண் கிடைத்துவிடும். உதாரணத்துக்கு 'ட்' எழுதிப் பாருங்கள். மேலே நடுவில் புள்ளி, அதற்கு 4. அடுத்த வரி காலி, 0. பிறகு நான்கு வரிக்கு இடது ஓரம் மட்டும், 16, 16, 16, 16. கீழே முழுக் கோடு, 31. கடைசி வரி காலி, 0. இந்த எட்டு எண்களைச் சில்லுக்கு அனுப்பினால் 'ட்' வந்துவிடும். கணக்குப் பேப்பரும் பென்சிலும் இருந்தால் ஒரு சாயங்காலத்தில் முப்பது எழுத்து வரைந்துவிடலாம். அர்டுயினோ வந்த பிறகு (2005-இல் இத்தாலியில் பிறந்தது) இதற்கென்று ஒரே வரியில் கட்டளையும் இருக்கிறது. அதற்கு முன் 8051 காலத்து மாணவர்கள் கையால் செய்தார்கள்.

"எட்டுதான்" என்பது உண்மை. ஆனால் ஒரே நேரத்தில் எட்டு. மொத்தத்துக்கே எட்டு அல்ல. இந்த வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த 64 பைட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து எழுதலாம். ஒரு பைட் எழுத சில்லுக்கு 37 மைக்ரோசெகண்டு போதும். 64 பைட்டுக்கு இரண்டரை மில்லிசெகண்டுகூட ஆகாது. மந்தமாக எழுதிய நிரலில் இது பத்து மடங்கு ஆனாலும் கண்ணுக்குத் தெரியாது. திரையைத் துடைத்து, புது எட்டு எழுத்தை ஏற்றி, புது வாக்கியத்தை எழுதினால் வேலை முடிந்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் எட்டு வேறு எழுத்துகள் வரலாம்.

மொத்தத் தமிழுக்கும் எவ்வளவு இடம் ஆகும்? 247 எழுத்து என்று பயமுறுத்துவார்கள். அச்சுக் கோக்கிற மாதிரி பிரித்துப் பார்த்தால் கணக்கு வேறு. உயிரில் 11 (ஔவை ஒ, ள என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்), ஆய்தம் 1, அகர மெய் 18, புள்ளி வைத்தது 18, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் நான்குக்கும் தலா 18. அப்புறம் கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று 4. கூட்டினால் 124. அதிலும் ஙி, ஙூ எல்லாம் எந்தப் பெட்டியும் காட்டப்போவதில்லை. போகட்டும், எல்லாவற்றையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தாராளமாக இரண்டு கட்டம் கொடுத்தாலும் 1984 பைட். மாணவர்கள் வாங்கும் சாதாரண அர்டுயினோ ஊனோவில் நிரலுக்கு இருக்கும் இடம் 32 கிலோபைட். மொத்தத் தமிழும் அதில் ஒரு மூலைக்குப் போதாது.

1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றிருக்காவிட்டால் இந்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் பெருத்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு முன் ணை, லை, ளை, னை நான்குக்கும் யானைத் துதிக்கை மாதிரி ஒரு தனி வடிவம். ணா, றா, னாவுக்குத் தனி வடிவம். பெரியார் 1935-இலேயே 'குடி அரசு' இதழில் இதை மாற்றி எழுதத் தொடங்கிவிட்டார். அரசுக்கு 43 வருடம் பிடித்தது. பெரியாருக்கு எல்.சி.டி. தெரியாது, ஆனால் 'லை'யை இரண்டு தனித் துண்டாக்கிக் கொடுத்த புண்ணியத்தில் இன்றைக்கு ஒரே ஐகாரக் கொம்பை எல்லா எழுத்துக்கும் முன்னால் வைத்துக்கொள்ளலாம். உகர ஊகாரத்தையும் அப்படிப் பிரிக்க வேண்டும் என்று ஒரு கட்சி உண்டு. அது பெரிய சண்டை, இங்கே வேண்டாம்.

இப்போது அணைக்குத் திரும்புவோம். திரையில் வர வேண்டியது "நீர்மட்டம் 85 அடி". எண்கள் சில்லிலேயே இருக்கின்றன. 'ட'வுக்குக்கூட இடம் செலவு செய்ய வேண்டாம், ஆங்கில 'எல்' பெரிய எழுத்து கிட்டத்தட்ட 'ட' மாதிரியேதான் இருக்கும். ('ப'வுக்கு 'யு'. "படம்" என்று எழுத 'ம்' ஒன்றை மட்டும் வரைந்தால் போதும்.) மீதி நீ, ர், ம, ட், ம், அ, டி. ஏழு எழுத்து. எட்டுக்குள் வந்துவிட்டது என்று சந்தோஷப்படும்போதுதான் சிக்கல். 'நீ'யும் 'அ'வும் ஐந்து புள்ளி அகலத்தில் அடங்க மறுக்கும். இரண்டுக்கும் இரட்டைக் கட்டம் கொடுத்தால் ஒன்பது. ஒன்று கூடுதல்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் கையை விரித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். போக வேண்டியதில்லை. "அடி"யை விட்டுவிடலாம். அமராவதிப் பாசனக்காரருக்கு "நீர்மட்டம் 85" என்றாலே அடிதான் என்று தெரியும், மீட்டர் என்று யாரும் நினைக்கப்போவதில்லை. அப்போது ஆறு இடம்தான் செலவு, இரண்டு மிச்சம். அல்லது 'நீ'யைக் கொஞ்சம் நெருக்கி ஒரே கட்டத்தில் வரையலாம். அழகு குறையும், ஆனால் "ர்மட்டம்" பின்னாலேயே வரும்போது யாரும் வேறு மாதிரி படிக்க மாட்டார்கள். அடுத்த திரையில் "மதகு திறப்பு" என்று காட்ட வேண்டுமானால் ம, த, கு, தி, ற, ப், பு, மொத்தம் ஏழு. 'தி'க்கு இரட்டைக் கட்டம் கொடுத்தால் சரியாக எட்டு. ஒரு வாக்கியத்தை எட்டுக்குள் எப்படி அடக்குவது என்று யோசிப்பதே நல்ல பயிற்சி. என்ன சொல்ல வேண்டும், எதை விடலாம் என்று யோசிக்க வைக்கும். ஆங்கிலத்தில் "வெல்கம்" போடுகிறவன் எதையும் யோசிப்பதில்லை.

புள்ளியை விட்டுவிட்டால் இடம் மிச்சமாகுமே என்று சிலர் கேட்கலாம். ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்காமல்தானே எழுதினார்கள், ஓலை கிழிந்துவிடும் என்று. படித்தவர்கள் படித்தார்கள். ஆனால் "நீரமடடம 85" என்று ஒரு பெட்டி காட்டினால் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், மதகை யாரும் திறக்க மாட்டார்கள். புள்ளி இருக்கட்டும்.

இன்னொரு ஆட்சேபம் உண்டு, அது கொஞ்சம் வலுவானது. எதற்கு இந்தப் பழைய பெட்டியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? இன்றைக்கு ஒரு அங்குல ஓ.எல்.இ.டி. திரை இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 128க்கு 64 புள்ளி. கட்டமே கிடையாது, எங்கே வேண்டுமானாலும் புள்ளி வைக்கலாம். அதில் தமிழ் எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே?

எழுதலாம். எழுதவும் வேண்டும். நீளமான வாக்கியம், அழகான எழுத்து வேண்டும் என்றால் அதுதான் சரி. பேருந்துகளில் ஊர்ப் பெயரைத் தமிழில் ஓட்டும் எல்.இ.டி. பலகைகள் அப்படித்தான் வேலை செய்கின்றன, கட்டம் இல்லை, புள்ளி அதிகம். ஆனால் திரையை மாற்றினால் தமிழ் தானாக வந்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். யூனிகோடில் 'கெ' என்பது முதலில் 'க', பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் ஒரு குறி இரண்டாகப் பிரிந்து இருபக்கமும் நிற்க வேண்டும். கணினியும் கைப்பேசியும் இதையெல்லாம் சத்தமில்லாமல் செய்துவிடுகின்றன. முந்நூறு ரூபாய்ப் போர்டு செய்யாது. யாராவது உட்கார்ந்து எழுத்து வரைய வேண்டும், யாராவது வரிசை மாற்றும் நிரலை எழுத வேண்டும். எந்தத் திரையாக இருந்தாலும் அந்த வேலை தப்பாது. நூறு ரூபாய்ப் பெட்டியில் "வராது" என்று சொன்னவர் முந்நூறு ரூபாய்ப் பெட்டியிலும் ஆங்கிலத்தில்தான் "வெல்கம்" போடுவார், கொஞ்சம் பெரிய எழுத்தில். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஓ.எல்.இ.டி. கட்டைவிரல் அகலம்தான். கூட்டமாக நின்று எட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சிக்ஸ்டீன் பை டூ அதைவிடப் பெரிசு, பகல் வெளிச்சத்திலும் படிக்கலாம், தூசியும் சூடும் உள்ள இடத்திலும் ஓடும். மில்லுக்கும் மோட்டார் ரூமுக்கும் ஏற்ற உடம்பு.

மில் என்றதும் திருப்பூர்ப் பக்கம் வந்தாக வேண்டும். இங்கேயுள்ள பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்கள் வாட்டர் லெவலுக்கு அடுத்தபடியாகச் செய்வது 'டெக்ஸ்டைல்' புராஜெக்ட். நூல் அறுந்தால் காட்டுவது, எத்தனை பீஸ் ஓடியது என்று எண்ணுவது, சாயப்பட்டறைத் தண்ணீரின் சூட்டைக் காட்டுவது. எல்லாவற்றிலும் அதே எல்.சி.டி., அதே ஆங்கிலம். நூல் அறுந்தால் "யார்ன் பிரேக்" என்று வரும். நிட்டிங் மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் அதைப் படித்தா மிஷினைச் சரிசெய்கிறார்? மேயர், டெர்ரோட், ஃபுகுஹாரா என்று வெளிநாட்டு மிஷின்கள் வரிசையாக ஓடும் இடத்தில் போய் நின்று பாருங்கள். எந்த ஃபீடரில் நூல் அறுந்ததோ அதன் தலையில் ஒரு சின்ன விளக்கு எரியும். ஆள் விளக்கைப் பார்த்து நேராக அங்கே போகிறார். பல லட்சம் ரூபாய் மிஷினைச் செய்தவனுக்கு யார் அதைப் பார்க்கப் போகிறார் என்பது தெரிந்திருக்கிறது. ஐந்தாயிரம் ரூபாய் புராஜெக்ட் செய்கிறவனுக்குத் தெரியவில்லை.

இங்கே தமிழ்ப் பற்றாளர்களுக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இன்றைக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அசாம் என்று பல ஊர்க்காரர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு "நூல் அறுந்தது" என்று தமிழில் காட்டினாலும் "யார்ன் பிரேக்" என்று ஆங்கிலத்தில் காட்டினாலும் ஒன்றுதான். அப்படியானால் அங்கே தமிழ் வேண்டாமா? அங்கே வேண்டியது படம். அதே எட்டு இடத்தில் ஒரு அறுந்த நூல், ஒரு கோன், ஒரு கை, ஒரு கடிகாரம் வரையலாம். பக்கத்தில் ஃபீடர் எண் போட்டால் போதும், எண்ணை எல்லோரும் படிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் இருந்த நாட்டில் 1951-52 முதல் பொதுத் தேர்தலை நடத்தியவர்கள் சின்னம் கொடுத்து அதைச் சமாளித்தார்கள். 5க்கு 8 புள்ளியில் உதய சூரியனையும் இரட்டை இலையையும் வரைந்து பார்த்தால் எந்தச் சின்னம் சுலபம் என்று தெரிந்துவிடும். (முடிவை வெளியே சொல்லாமல் இருப்பது உடம்புக்கு நல்லது.)

யார் பார்க்கப் போகிறார்கள் என்று முதலில் கேட்பதுதான் இதில் எல்லாம். வணிகவியல் முதலாண்டுப் புத்தகத்திலேயே வாடிக்கையாளரைப் பற்றி ஒரு பாடம் இருக்கும். பொறியியல் புராஜெக்டில் வாடிக்கையாளர் யார்? காகிதத்தில் விவசாயி, தொழிலாளி, நோயாளி. "இந்தக் கருவி கிராமப்புற விவசாயிகளுக்குப் பெரிதும் பயன்படும்" என்று ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் இருக்கும். நிஜத்தில் வாடிக்கையாளர் மதிப்பெண் போட வரும் ஆசிரியர். அவருக்கு ஆங்கிலம் தெரியும். "வெல்கம்" அவருக்குத்தான். கோவையிலும் சென்னையிலும் 'புராஜெக்ட் சென்டர்' என்ற பெயரில் காசுக்குப் புராஜெக்ட் செய்துகொடுக்கும் கடைகள் பெருகியதும் இதனால்தான். பெட்டியும் தயார், ரிப்போர்ட்டும் தயார். நான்கு வருடத்துக்கு முன் ஒருவர் எழுதிய நிரலில் கல்லூரிப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். பல வருடமாக எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி வரவேற்பதன் ரகசியம் இதுதான்.

பெரிய கம்பெனிகள் அப்படி இருக்கவில்லை. 2000களில் கருப்பு வெள்ளைச் சின்னத் திரை வைத்த நோக்கியா கைப்பேசிகளிலேயே தமிழ் மெனு வந்தது. தமிழ் மேல் பாசத்தால் வந்ததல்ல. கிராமத்தில் விற்க வேண்டும் என்றால் கிராமத்து மொழி வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். விற்க வேண்டியிருந்தவனுக்குத் தமிழ் 'வந்தது'. மதிப்பெண் மட்டும் வேண்டியிருந்தவனுக்கு 'வரவில்லை'.

மாணவர்கள் பக்கத்து நியாயமும் உண்டு. எல்.சி.டி.யை முதல் முறை ஓடவைப்பதே பெரிய பாடு. பதினாறு கால், அதில் ஒன்று மாறினாலும் போச்சு. மேல் வரியில் பதினாறு கருப்புக் கட்டம் மட்டும் தெரிந்தால் கரண்டு வருகிறது, ஆனால் சில்லுக்கு இன்னும் கட்டளை போகவில்லை என்று அர்த்தம். ஒன்றுமே தெரியவில்லை என்றால் மூன்றாவது காலில் உள்ள பிரிசெட்டைத் திருக வேண்டும், பாதிப் பேர் அது தெரியாமல் புது டிஸ்ப்ளே வாங்கிவிடுவார்கள். இரவு பதினோரு மணிக்கு ஒரு வழியாக ஆங்கிலத்தில் "வெல்கம்" வரும்போது வரும் சந்தோஷம் சாதாரணமானதல்ல. காலையில் கண்காட்சி. அந்த நேரத்தில் "தமிழில் மாற்று" என்று சொன்னால் கோபம்தான் வரும்.

அதனால்தான் இது ஒவ்வொரு மாணவனும் தனியாகச் செய்ய வேண்டிய வேலையாக இருக்கக் கூடாது. 124 வடிவங்களுக்கும் புள்ளிக் கணக்கு ஒரே ஒரு முறை போட்டால் போதும். ஒரு கல்லூரியின் ஒரு வகுப்பு, ஆளுக்கு மூன்று எழுத்து எடுத்துக்கொண்டால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். பிறகு வாக்கியத்தைக் கொடுத்தால் எந்த எட்டு வேண்டும் என்று தானே எடுத்து ஏற்றிக்கொள்ளும் ஐம்பது வரி நிரல். எட்டைத் தாண்டினால் "தாண்டிவிட்டது, வாக்கியத்தைச் சுருக்கு" என்று சொல்ல வேண்டும். இதையே ஒரு இறுதியாண்டுப் புராஜெக்டாகக் கொடுக்கலாம். செலவு நூறு ரூபாய் எல்.சி.டி., ஒரு போர்டு. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் விவசாயியைப் பற்றி எழுதினாலும் அது பொய்யாக இருக்காது.

எல்லா எழுத்தும் ஒழுங்காக வந்துவிடாது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ப, ட, ம, ய, ர, க எல்லாம் ஐந்து புள்ளிக்குள் நன்றாகவே உட்காரும். ண, ஞ, ஊ மூன்றும் தகராறு பிடித்தவை. இரட்டைக் கட்டம் கொடுத்தாலும் இரண்டு கட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி அகலத்துக்குக் கண்ணாடியிலேயே இடைவெளி இருப்பதால் எழுத்து முறிந்த மாதிரி தெரியும். 'ண'வின் மூன்று சுழியில் இரண்டை இடது கட்டத்தில் வைத்து ஒன்றை வலது கட்டத்தில் வைத்தால் ஓரளவு ஒட்டும் போலத் தோன்றுகிறது. 'தண்ணீர்' என்ற சொல்லை எழுதும்போதுதான் அது சரியா என்று தெரியும். அதில் 'ண்' ஒன்று, 'ணீ' ஒன்று, இரண்டுமே அகலம். அணைக்காரர்களுக்கு அந்தச் சொல் இல்லாமல் முடியாது. கணக்குப் பேப்பர் வைத்திருப்பவர்கள் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.